இரண்டு நாள், ஒரு கேமரா: பினாங்கா, பாங்காக்கா, ஹாங்காங்கா?

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் நேராகச் சாங்கி விமான நிலையம். ஞாயிறு இரவு மறுபடி வீடு. நடுவில் கையில் இருப்பது ஒன்றே முக்கால் நாள். அதற்குள் வேறொரு நாட்டு நகரத்தின் தெருவில் நின்று படம் எடுத்துப் பழக வேண்டும் என்றால் எங்கே போவது? சிங்கப்பூரில் என்னோடு ஞாயிறு காலைகளில் தேக்கா பக்கம் கேமராவும் கையுமாகச் சுற்றும் நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது.

போகத்தக்க ஊர்கள் பல இருக்கலாம். ஆனால் நான் திரும்பத் திரும்பப் போய், தெருத் தெருவாக ஓரளவு சொல்லக்கூடியவை மூன்றுதான்: மலேசியாவின் பினாங்குத் தீவில் உள்ள ஜார்ஜ் டவுன், பாங்காக், ஹாங்காங். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் பயணம் என்றால் ஜார்ஜ் டவுன். மூன்று நாள் விடுமுறை கிடைத்து, முன்பு ஒரு தடவையாவது இப்படிப் போய்ப் பழகியிருந்தால் ஹாங்காங். பாங்காக்கை இந்த இரண்டுக்கும் நடுவில் வைக்க முடியாது, அது தனி ரகம். இரவில் படம் எடுக்கப் பிடித்தவர்கள் யோசிக்காமல் அங்கே போகலாம்.

புது ஊரில் இறங்கியதும் கண்ணில் படுவதெல்லாம் படமாகவே தோன்றும். படிக்கத் தெரியாத எழுத்தில் பெயர்ப்பலகை, பெயர் தெரியாத பழம், காவி உடுத்திய பிட்சு என்று எடுத்துத் தள்ளுவோம். வீட்டுக்கு வந்து கணினியில் திறந்து பார்த்தால் முக்கால்வாசியும் வாழ்த்து அட்டைகள் மாதிரி இருக்கும். என் அனுபவத்தில் முதல் நாளின் முதல் மூன்று நான்கு மணி நேரத்தில் எடுத்த படங்களில் ஒன்றிரண்டு தேறினாலே பெரிது. வியப்பு கொஞ்சம் அடங்க வேண்டும். பழம் வெறும் பழமாகி, அதை வாங்க வந்த அம்மாள் விலையைக் கேட்டதும் புருவத்தைத் தூக்குவது கண்ணில் படத் தொடங்கும்போதுதான் நம் வேலை ஆரம்பிக்கிறது. இரண்டு நாள் பயணத்தில் அந்த மூன்று நான்கு மணி நேரம் பெரிய செலவு. எந்த ஊரில் வியப்பு சீக்கிரம் அடங்குகிறதோ, அதுதான் பழகுவதற்கு ஏற்ற ஊர். ஊர்களை எடைபோடும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

சிங்கப்பூரில் இருப்பவருக்கு ஜார்ஜ் டவுனில் இது அரை நாளில் நடந்துவிடும். கடை முகப்பில் தூண்களுக்கு நடுவே ஓடும் ஐந்தடி நடைபாதை நமக்குப் பழகியதுதான். காப்பிக் கடையில் தட்டில் ஊற்றிக் குடிக்கும் பெரியவர், ஊதுவத்தி வாசம், தமிழில் எழுதிய மளிகைக் கடைப் பலகை, எதுவும் புதிதல்ல. சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குள் கண் சமநிலைக்கு வந்துவிடும். பாங்காக்கில் ஒரு முழு நாள் ஆகும். ஹாங்காங்கில் இரண்டாம் நாள் மாலை கூட நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அதனால்தான் அந்த ஊருக்கு மூன்று நாள் வேண்டும் என்கிறேன்.

வெளிச்சக் கணக்கு

அடுத்தது வெளிச்சம். விமான டிக்கெட் விலையைப் பார்க்கிறவர்கள் சூரியன் எப்போது எழும், எப்போது சாயும் என்று பார்ப்பதில்லை. நான் டிக்கெட் போடும் முன் பார்ப்பது அதைத்தான்.

ஜார்ஜ் டவுனும் பாங்காக்கும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில், கிழக்கு 100 பாகையை ஒட்டி இருக்கின்றன. இரண்டு ஊரிலும் சூரியன் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில்தான் உச்சிக்கு வரும். ஆனால் தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1 அன்று தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்துக்கொண்டது. இப்போது பாங்காக்கைவிட பினாங்கில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. விளைவு என்னவென்றால் பினாங்கில் விடிவது காலை ஏழு, ஏழரைக்குள். பொழுது சாய்வது மாலை ஏழு மணியை ஒட்டி, ஜூலையில் 7.40 வரை போகும். பாங்காக்கில் ஆறு, ஆறே முக்காலுக்குள் விடிந்துவிடும்; நவம்பர், டிசம்பரில் மாலை ஆறுக்கு முன்பே சூரியன் இறங்கிவிடும்.

கடிகாரத்தில் முள் எங்கே நின்றால் என்ன, வெயில் ஒன்றுதானே என்று நானும் நினைத்ததுண்டு. ஆனால் ஊர் எழுந்து கடை திறப்பது கடிகாரத்தைப் பார்த்துத்தான். சனிக்கிழமை காலை 8.30 மணிக்குப் பினாங்கு சௌராஸ்தா சந்தைப் பக்கம் நல்ல கூட்டம் இருக்கும். அப்போது சூரியன் எழுந்து ஒன்றே கால் மணி நேரம்தான் ஆகியிருக்கும். வெயில் தாழ்வாக, பக்கவாட்டில், மஞ்சளாக விழும். நிழல்கள் ஆளைவிட நீளமாக இருக்கும். பாங்காக்கில் அதே 8.30 மணிக்குச் சூரியன் எழுந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். வெயில் நெற்றியில் அடிக்க ஆரம்பித்திருக்கும். மாலையிலும் அப்படித்தான். பினாங்கில் ஐந்தரை மணிக்குக் கடைத்தெருவில் கூட்டம் சேரும்போது, நல்ல வெயில் இன்னும் ஒன்றரை மணி நேரம் மிச்சம் இருக்கும். மக்கள் கூடும் நேரமும் வெளிச்சம் சாயும் நேரமும் இவ்வளவு நன்றாகச் சேரும் ஊர் எனக்குத் தெரிந்து இந்தப் பக்கத்தில் வேறு இல்லை.

நடுமதியத்தில் மூன்று ஊரும் மூன்று விதம். பினாங்கில் ஐந்தடி நடைபாதைக்குள் ஒதுங்கிவிடலாம். வெளியே கொளுத்தும் வெயில் தெருவில் பட்டுத் திரும்பி உள்ளே வரும்போது மென்மையாகிவிடுகிறது. தூண்கள் வரிசையாக நிற்பதால் ஒவ்வொரு தூண் இடைவெளியும் தானாகவே ஒரு படச்சட்டம். பாங்காக்கில் மதியம் என்றால் நான் சம்பெங் சந்துக்குள் போய்விடுவேன். கைவண்டி வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டிய அளவு குறுகலான சந்து. மேலே துணியும் தகரமும் கூரையாக இருப்பதால் வெயில் ஓட்டைகள் வழியே வட்ட வட்டமாக விழும். அல்லது பக் க்ளோங் தலாட் பூச்சந்தை. பகல் இரவு என்றில்லாமல் நடக்கும் சந்தை அது. 2019இல் சனம் சாய் மெட்ரோ நிலையம் திறந்த பிறகு போவதும் சுலபம். சாமந்திப் பூக் குவியல்களுக்கு நடுவில் உட்கார்ந்து பூத்தொடுக்கும் பெண்களின் கை வேகம் நமக்கு நன்றாகவே தெரிந்த வேகம்.

ஹாங்காங்கில் மதிய வெயில் ஒரு பிரச்சினையே இல்லை. உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே சந்துகள் ஆழமான கிணறு மாதிரி இருக்கும். வெயில் ஒரு கீற்றாக இறங்கி, பத்து நிமிடம் ஒரு படிக்கட்டில் நின்று, அடுத்த படிக்கு நகர்ந்துவிடும். எதிர்க் கட்டடத்தின் கண்ணாடியில் பட்டுத் தெறித்து இரண்டாவதாக ஒரு கீற்றும் வரும். அந்த வெளிச்சத்தை உலகத்துக்குக் காட்டியவர் புகைப்படக் கலைஞர் ஃபான் ஹோ. 1931இல் ஷாங்காயில் பிறந்து, 1949இல் ஹாங்காங் வந்து, 1950களில் ரோலிஃப்ளெக்ஸ் கேமராவோடு அந்த ஊர்த் தெருக்களில் காத்துக் கிடந்தவர். வெள்ளைச் சுவரில் சாய்ந்து நிற்கும் பெண்ணை நோக்கி முக்கோணமாக நிழல் இறங்கும் அவருடைய 1954ஆம் ஆண்டுப் படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அதில் நிற்பவர் அவருடைய உறவுப் பெண். அந்த நிழல் சுவரில் விழுந்தது அல்ல, படம் கழுவும் இருட்டறையில் அவர் சேர்த்தது. இதை அவருக்குக் குறையாகச் சொல்லவில்லை. அதே மாதிரி நிழல் தெருவில் தயாராகக் காத்திருக்கும் என்று நம்பி ஹாங்காங் போய், முதல் நாளே சோர்ந்து போகாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். உண்மையான கீற்று வெளிச்சம் அங்கே நிறையவே கிடைக்கும், காத்திருந்தால்.

இரவு என்று வந்துவிட்டால் போட்டியே இல்லை, பாங்காக்தான். அங்குள்ள சைனாடவுனின் யாவ்ராட் சாலையில் சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு மேல் நின்றால் தலைக்கு மேலே சிவப்பும் பச்சையுமாகப் பெயர்ப்பலகைகள், கீழே சட்டி அடுப்பின் தீ, நடுவில் கார் விளக்குகள். மூன்று பக்கத்திலிருந்தும் வெளிச்சம் முகத்தில் விழும். 2019இல் வாட் மங்கோன் மெட்ரோ நிலையம் வந்ததிலிருந்து கூட்டம் இன்னும் கூடியிருக்கிறது. அது நமக்கு நல்லதுதான், கூட்டத்தில் கேமராவை யாரும் கவனிப்பதில்லை. ஜார்ஜ் டவுனில் இரவு உணவுக் கடைகளைத் தாண்டினால் தெருக்கள் சீக்கிரம் அடங்கிவிடும். ஹாங்காங்கின் பழைய நியான் பலகைகளில் ஏராளமானவை கழற்றப்பட்டுவிட்டன; சினிமாவில் பார்த்த இரவைத் தேடிப் போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நடக்கும் தூரம்

சிங்கப்பூரிலிருந்து பினாங்குக்கு விமானம் ஒன்றரை மணி நேரத்துக்குள், பாங்காக் இரண்டரை மணி நேரம், ஹாங்காங் நான்கு மணி நேரம் அளவில். போகவர ஐந்து மணி நேர வித்தியாசம் என்பது ஒரு முழுக் காலைப்பொழுது.

இறங்கிய பிறகு இருக்கும் தூரம் இதைவிட முக்கியம். 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த ஜார்ஜ் டவுன் பகுதி, சுற்றியுள்ள காப்பு எல்லையையும் சேர்த்தே சுமார் 260 ஹெக்டேர்தான். ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு அரை மணி நேரத்தில் நடந்துவிடலாம். அதனால் ஒரே மூலைக்குக் காலை, மதியம், மாலை என்று மூன்று தடவை போக முடியும். பாங்காக்கில் ஊர் முழுவதையும் பார்க்க நினைத்தால் நாள் முழுவதும் ரயிலிலும் படகிலும் போய்விடும். எனவே அங்கே ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொள்ள வேண்டும்: ஹுவா லாம்போங் ரயில் நிலையம், யாவ்ராட், சம்பெங், பூச்சந்தை, தலாட் நொய். இந்த வட்டத்தை விட்டு வெளியே போகக்கூடாது. தலாட் நொயில் பழைய எஞ்சின் பாகங்கள் எண்ணெய்ப் பிசுக்கோடு சந்து ஓரமாகக் குவிந்து கிடக்கும். வாரக்கடைசியில் அதைப் படம் எடுக்க வருகிறவர்களும் குவிந்துவிடுவார்கள். சனிக்கிழமை விடிந்ததும் போய்விட்டு ஒன்பதுக்குள் கிளம்பிவிடுவது நல்லது.

ஹாங்காங்கில் எனக்குப் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு. 1904 முதல் ஓடும் டிராம், இப்போது இரண்டடுக்கு வண்டி. ஊர்க்காரர்கள் அதன் மணிச் சத்தத்தை வைத்து டிங் டிங் என்றே அழைக்கிறார்கள். மேல் தளத்தில் முன் ஜன்னல் இருக்கை கிடைத்துவிட்டால், அது மெதுவாக நகரும் மாடம். கால் வலிக்காமல் தெருவை மேலிருந்து பார்த்துக்கொண்டே போகலாம். இன்னொன்று, சென்ட்ரல் வட்டாரத்திலிருந்து மலைச்சரிவு வரை 800 மீட்டர் தூரத்துக்கு இணைத்துக் கட்டிய நகரும் படிக்கட்டு. 1993இல் திறந்தது. காலை பத்து மணி வரை வேலைக்குப் போகிறவர்களுக்காகக் கீழ்நோக்கி ஓடும். அதற்கு அப்புறம் நள்ளிரவு வரை மேல்நோக்கி. குறுக்கே போகும் தெருக்களும் சந்தையும் காலடியில் விரியும். குடைகள் நிறைந்த மழைநாளில் அங்கேயே அரை நாள் நிற்கலாம்.

மனிதர்கள்

இனி உண்மையான கேள்விக்கு வருகிறேன். தெருப் படம் எடுக்கப் பழகுவது என்றால் பெரும்பாலும் முன்பின் தெரியாத மனிதர் முன் கூச்சமில்லாமல் நிற்கப் பழகுவதுதான். அந்தக் கூச்சத்தை ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு விதமாகச் சோதிக்கும்.

பினாங்கில் நமக்கு ஒரு வசதி, அதுவே சிக்கல்: மொழி. லெபு பசார் என்னும் மார்க்கெட் தெருவும் லெபு குயினும் சந்திக்கும் பகுதி லிட்டில் இந்தியாவின் நடு. 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில் அங்கேதான். கொஞ்ச தூரத்தில், தமிழ் முஸ்லிம்களின் தலைவராக இருந்த காதர் முகைதீன் 1801இல் தொடங்கிய கப்பித்தான் கெளிங் பள்ளிவாசல். முதல் தடவை போனபோது அந்த மூலையில் ஒரு பூக்கடை எதிரே நின்று கேமராவைத் தூக்கினேன். பூக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "எந்த ஊரு தம்பி?"

"தஞ்சாவூர் பக்கங்க. இப்ப சிங்கப்பூர்ல இருக்கேன்."

"படம் புடிக்கவா வந்தீங்க? இருங்க, சட்டைய மாத்திக்கிறேன்."

அவ்வளவுதான், அதற்குள் பக்கத்துக் கடைக்காரரும் வந்து நின்றுவிட்டார். இருவரும் கையைக் கட்டிக்கொண்டு நேராக நிற்க, நான் இரண்டு படம் எடுத்துக் காட்டினேன். மறுக்க மனமில்லை, மறுக்கவும் கூடாது. ஆனால் நான் எடுக்க வந்தது அதுவல்ல. பாங்காக்கில் இதே இடத்தில் சிரித்துத் தலையசைத்துவிட்டு நகர்ந்திருப்பேன். இங்கே அந்த வழி இல்லை. நம் மொழி தெரிந்துவிட்டால் நாம் வழிப்போக்கன் இல்லை, விருந்தாளி. பிறகு எனக்குப் புரிந்தது, விருந்தாளியாகவே இருந்துவிடுவதுதான் வழி. தேநீர் வாங்கிக் குடித்தேன். கேமராவை மடியில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பேசினேன். பினாங்கில் மல்லிகை என்ன விலை, தைப்பூசத்துக்கு எத்தனை மாலை போகும் என்று பேச்சு போனது. அதற்குள் வாடிக்கையாளர்கள் வர ஆரம்பித்தார்கள். என்னை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

மதியம் ஒருமுறை போனேன், ஒன்றுமில்லை. மாலையில் போனேன், கூட்டம் மறைத்தது. ஞாயிறு காலை ஏழே முக்காலுக்கு நான்காவது முறை போனபோது வெயில் கோயில் பக்கமிருந்து தெருவின் குறுக்கே படுத்திருந்தது. பூக்காரர் நூலின் நுனியைப் பல்லில் கடித்து, தொடுத்த மாலையை இரண்டு கையாலும் அகலமாகப் பிடித்து நீளம் பார்த்துக்கொண்டிருந்தார். மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலே ஒரு பையன் ஹெல்மெட்டோடு எட்டிக் கையை நீட்டினான். பின்னால் சீனப் பாட்டி ஒருவர் ஊதுவத்திக் கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்து போனார். மாலையின் வளைவுக்குள் பாட்டியின் முகம் வந்த கணம் ஒரு தடவை அழுத்தினேன். அந்த ஒரு படத்துக்காக அந்தப் பயணம் முழுவதையும் கொடுக்கலாம். முதல் நாள் தேநீர் குடிக்காமல் இருந்திருந்தால் அவர் நூலை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்திருப்பார்.

கடலுக்குள் தூண்கள் நட்டுக் கட்டிய சீனக் குலத்தவரின் மரவீடுகள் பினாங்கில் பிரபலம். நான் அங்கே அதிகம் எடுப்பதில்லை. அவை வீடுகள்; திறந்த கதவுக்குள் யாரோ துணி மடித்துக்கொண்டிருப்பார்கள். தெரு வேறு, திண்ணை வேறு.

பாங்காக் கூச்சம் அதிகம் உள்ளவர்களுக்கு இதமான ஊர். மொழி தெரியாததே அங்கே வசதி. கண்ணைப் பார்த்து, லேசாகத் தலை குனிந்து சிரித்தால் பத்தில் ஒன்பது பேர் திருப்பிச் சிரிப்பார்கள். எடுத்த படத்தைத் திரையில் காட்டினால் இன்னும் சந்தோஷம். ஆனால் ஒரு விஷயத்தில் மிகவும் கவனம் வேண்டும்: அரச குடும்பத்தை அவமதிப்பது அங்கே குற்றவியல் சட்டத்தின் 112ஆம் பிரிவின் கீழ்ச் சிறைத்தண்டனைக்குரிய குற்றம். அரசர் படத்தை வேடிக்கையான காட்சிக்குள் பொருத்திப் படம் எடுக்கும் யோசனை எதுவும் வேண்டாம்.

அதோடு சேர்ந்தது தேசியகீதம். காலை எட்டு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் ரயில் நிலையங்களிலும் பூங்காக்களிலும் ஒலிக்கும். எல்லோரும் இருந்த இடத்தில் நின்றுவிடுவார்கள். 1916இல் திறந்த ஹுவா லாம்போங் நிலையத்தின் வளைந்த கூரைக்குக் கீழே ஒரு மாலை நானும் இருந்தேன். 2023 ஜனவரியில் தொலைதூர ரயில்களில் பெரும்பாலானவை புதிய நிலையத்துக்குப் போய்விட்டதால் முன்பிருந்த நெரிசல் இல்லை. மூட்டையைத் தோளில் ஏற்றிய ஒருவர், பாதி உரித்த ஆரஞ்சோடு ஒரு சிறுமி, விளக்குமாறு பிடித்த துப்புரவுத் தொழிலாளி, எல்லோரும் அப்படியே நின்றார்கள். எந்தப் புகைப்படக்காரனும் ஆசைப்படும் காட்சி. நான் கேமராவை இறக்கிவிட்டு நின்றேன். அவர்கள் நிற்கும்போது நான் மட்டும் நடமாடிப் படம் எடுப்பது சரியாகப் படவில்லை. பாட்டு முடிந்து எல்லோரும் ஒரே நேரத்தில் அசையத் தொடங்கும் அந்த முதல் அடியைத்தான் எடுத்தேன். நின்ற காட்சியைவிட அது நல்ல படம் என்றே நினைக்கிறேன்.

ஹாங்காங்கில் யாரும் சிரிக்க மாட்டார்கள், யாரும் கோபித்துக்கொள்வதும் அரிது. வேகமாக நடப்பார்கள். சந்தையில் வயதான கடைக்காரர்கள் உள்ளங்கையைக் காட்டினால் வேண்டாம் என்று பொருள்; அதோடு விட்டுவிட வேண்டும். அந்த ஊரின் ஒரு வழக்கு தெருப் படம் எடுக்கும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டியது. ஒரு வார இதழ், தெருவில் போன பெண் ஒருவரை அவர் அறியாமல் படம் எடுத்து, அவருடைய உடையைக் கேலி செய்து வெளியிட்டது. அவர் புகார் கொடுத்தார். 2000ஆம் ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம், எடுத்தவருக்கு அந்தப் பெண் யார் என்பதில் அக்கறையே இல்லை, எனவே அது தனிநபர் தகவலைச் சேகரித்ததாகாது என்று இதழுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. சட்டம் அப்படிச் சொல்லலாம். எனக்கு அந்தப் பெண்ணின் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. யாரென்று தெரியாத ஒருவரை எடுக்க நமக்கு உரிமை இருக்கலாம்; அந்தப் படத்தின் கீழே அவரைச் சிறுமைப்படுத்தும் ஒரு வரி எழுத உரிமை இல்லை. தெருவில் தூங்குகிறவர்கள், அழுகிறவர்கள், பெற்றோர் அருகில் இல்லாத குழந்தைகள் ஆகியோரை மூன்று ஊரிலும் நான் எடுப்பதில்லை. அழித்துவிடச் சொன்னால் அவர் கண் முன்னால் அழித்துவிடுகிறேன்.

எடுத்துப் போக வேண்டியவை

கருவி விஷயத்தில் சுருக்கமாகவே சொல்கிறேன். ஒரு கேமரா, ஒரே லென்ஸ். ஜார்ஜ் டவுனுக்கும் பாங்காக்குக்கும் 28 மி.மீ. அகலப் பார்வை, ரிக்கோ ஜிஆர் கேமரா மாதிரி சட்டைப்பைக்குள் அடங்குவது. லென்ஸ் துவாரத்தை எஃப் 8இல் வைத்து இரண்டு மீட்டருக்குக் குவியத்தைப் பூட்டிவிட்டால் ஒரு மீட்டரிலிருந்து இருபது மீட்டர் வரை எல்லாம் தெளிவாக விழும். குவியம் தேடும் நேரம் மிச்சம். பூக்காரர் நூலைக் கடிக்கும் கணத்தை அதனால்தான் பிடிக்க முடிந்தது. ஷட்டர் வேகம் 1/500 நொடியைவிடக் குறையவிடாதீர்கள். யாவ்ராட் இரவில் அது முடியாது, எஃப் 2.8, 1/250 என்று வைத்து, ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை 3200 அல்லது 6400 வரை துணிந்து ஏற்றலாம், படத்தில் மணல் மாதிரிக் கொஞ்சம் புள்ளிகள் தெரிந்தால் பரவாயில்லை. ஹாங்காங்கில் மட்டும் 50 மி.மீ. அளவுப் பார்வை எனக்கு வசதி, ஏனென்றால் பெரும்பாலும் மேலிருந்தோ தெருவின் மறுபக்கத்திலிருந்தோ எடுப்போம். கைப்பேசி போதுமா என்றால், பகலில் தாராளமாகப் போதும்.

தாள் வேலையும் மழையும் பயணத்தைக் கெடுத்துவிடக் கூடியவை. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் ஹாங்காங்குக்கு முன்கூட்டியே இணையத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். 2017 ஜனவரியிலிருந்து இந்த விதி. மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் அவர்கள் வருகை அட்டையை இணையத்திலேயே நிரப்ப வேண்டும். விசா விதிகள் அடிக்கடி மாறுவதால் டிக்கெட் போடும் அன்றே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். செப்டம்பர், அக்டோபரில் பினாங்கிலும் பாங்காக்கிலும் நல்ல மழை. ஹாங்காங்கில் கோடையில் புயல் எச்சரிக்கை எட்டாம் எண் ஏறினால் படகு, டிராம், கடை எல்லாம் நின்றுவிடும். இரண்டு நாள் பயணத்தில் ஒரு நாள் விடுதி அறையில் போய்விடும். அங்கே போக நவம்பர், டிசம்பர்தான் சரி: காற்று உலர்ந்து, வெயில் சாய்ந்து, நாள் முழுவதும் நிழல் நீளமாக இருக்கும்.

திருவிழா வாரத்தில் போகலாமா என்றும் கேட்கிறார்கள். தைப்பூசத்துக்குப் பினாங்கு போவது பெரிய அனுபவம், வெள்ளி ரதத்தின் பின்னால் தண்ணீர்மலை வரை நடப்பதும் அப்படியே. ஆனால் பழகுவதற்காகப் போகிறவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். காவடி எடுப்பவரை யார் எடுத்தாலும் படம் வரும். சாதாரண சனிக்கிழமையில் சாதாரண மூலையில் நின்று எடுப்பதைத்தான் பழக வேண்டியிருக்கிறது.

சென்ற மாதம் நண்பர் ஒருவர் ஹாங்காங் டிக்கெட் விலை குறைந்திருக்கிறது என்று கேட்டு வந்தார். முதல் பயணம், இரண்டே நாள். பினாங்கு போய்வரச் சொன்னேன். சனி காலை ஏழு மணிக்கு லெபு பசார் மூலையில் நிற்கவும், முதல் அரை மணி நேரம் கேமராவைப் பைக்குள்ளேயே வைத்திருக்கவும் சொல்லி அனுப்பினேன். திரும்பி வந்து, தேறியவை என்று பதினொரு படங்களை அனுப்பினார். அவற்றில் ஏழு ஒரே மூலையில் எடுத்தவை, ஏழுமே ஞாயிற்றுக்கிழமைப் படங்கள். அடுத்து டிசம்பரில் நீண்ட விடுமுறை வருகிறது. இருவருக்கும் சேர்த்து இந்தத் தடவை ஹாங்காங்குக்கு டிக்கெட் போட்டுவிட்டேன்.